ஆக்ஸானில் சரக்கு தேங்கினால்: நரம்புச் சிதைவு நோய்களைப் புரிந்துகொள்ள ஒரு வழி

பாதத்தில் உள்ள சிறு தசைகளை அசைக்கும் நரம்புச் செல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலரும் காலைத்தான் காட்டுவார்கள். உண்மையில் அந்தச் செல்லின் உடல் இருப்பது தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில். அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அங்கிருந்து புறப்படும் ஒற்றை இழை இடுப்பையும் தொடையையும் முழங்காலையும் கடந்து, நடுவில் வேறொரு செல்லிடம் கைமாறாமல், நேராகப் பாதம் வரை வந்து முடிகிறது. வளர்ந்த மனிதருக்கு இந்த இழை ஏறத்தாழ 1 மீட்டர் நீளம் இருக்கும். தடிமனோ சில மைக்ரோமீட்டர்தான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. இந்த இழைக்கு ஆக்ஸான் என்று பெயர்.

இந்த உடலமைப்பில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. செல்லுக்குத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை உட்கருவை ஒட்டிய செல் உடலில்தான் உருவாகின்றன. ஆக்ஸானுக்குள்ளும் ஓரளவு புரத உற்பத்தி நடக்கிறது என்பது இன்று தெளிவாகிவிட்டது. ஆனால் அது மட்டும் போதாது. புரதங்கள் பழுதாகின்றன, உடைகின்றன, அவற்றுக்குப் பதில் புதியவை வந்தாக வேண்டும். நுனியில் உற்பத்தியாகும் கழிவும் எங்காவது போயாக வேண்டும். எனவே ஒரு நரம்புச் செல் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு நொடியும் ஆக்ஸானுக்குள் சரக்கு இரு திசைகளிலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதைத்தான் ஆக்ஸான் போக்குவரத்து என்கிறார்கள்.

அல்சைமர், பார்க்கின்சன், ஏஎல்எஸ், ஹன்டிங்டன் என்று நரம்புச் செல்கள் மெல்ல மெல்ல அழியும் நோய்களைப் பற்றிப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஒரு கெட்ட புரதத்தின் பெயரைத் தெரிந்துகொள்கிறார்கள். அல்சைமருக்கு அமிலாய்டும் டௌவும், பார்க்கின்சனுக்கு ஆல்ஃபா-சைனியூக்ளின், ஹன்டிங்டனுக்கு ஹன்டிங்டின். அந்தப் பெயர்கள் முக்கியமானவைதான். ஆனால் உடலின் எல்லாச் செல்களையும் விட்டுவிட்டு நரம்புச் செல்களை, அவற்றிலும் நீண்டவற்றையும் அதிகம் கிளைத்தவற்றையும் இந்த நோய்கள் ஏன் குறிவைக்கின்றன என்ற கேள்விக்குப் புரதத்தின் பெயர் மட்டும் விடை சொல்லாது. அந்த விடையின் பெரும்பகுதி இந்தப் போக்குவரத்தில் இருக்கிறது என்பதே என் உறுதியான எண்ணம்.

ஓடுகிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்

1948-ல் பால் வைஸ், ஹெலன் ஹிஸ்கோ என்ற இருவர் விலங்குகளின் நரம்பை ஓரிடத்தில் இறுக்கி வைத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில், இறுக்கிய இடத்துக்கு மேலே, அதாவது செல் உடல் இருக்கும் பக்கத்தில், ஆக்ஸான்கள் புடைத்துப் பருத்துச் சுருண்டு கிடந்தன. கீழ்ப்பக்கம் மெலிந்திருந்தது. இறுக்கத்தைத் தளர்த்தியதும் தேங்கியிருந்த பொருள் மெதுவாகக் கீழே நகரத் தொடங்கியது. அதன் வேகம் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். நரம்பு என்பது மின்குறிகளைக் கடத்தும் வெறும் கம்பி அல்ல, அதற்குள் பொருள் நகர்கிறது என்பதற்கு இது கண்கூடான சான்று.

அடுத்த இருபது ஆண்டுகளில் கதிரியக்க அமினோ அமிலங்கள் ஆய்வகங்களுக்கு வந்தன. அவற்றைச் செல் உடல்களின் அருகே செலுத்தினால் செல் அவற்றைக் கொண்டு புரதம் தயாரிக்கும். பிறகு நரம்பைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி எந்தத் துண்டில் கதிரியக்கம் இருக்கிறது என்று அளந்தால், புரதம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். சிட்னி ஓக்ஸ் என்ற ஆய்வாளர் பூனைகளின் சியாட்டிக் நரம்பில் (இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு) இப்படி அளந்தபோது முன்னணிச் சரக்கு நாளொன்றுக்கு 400 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமான வேகத்தில் ஓடியது. ஆக, இரண்டு வகை ஓட்டம் இருக்கிறது. வேக ஓட்டத்தில் 1 மீட்டரைக் கடக்க இரண்டரை நாள் போதும். மெது ஓட்டத்தில் செல்லும் நியூரோஃபிலமென்ட் என்ற சட்டகப் புரதம் நாளுக்கு 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாகவே நகர்கிறது. இன்று தண்டுவடத்தில் உருவாகும் நியூரோஃபிலமென்ட் பாதத்தைச் சேர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும் என்று பொருள். வேகமாகச் செல்பவையும் மெதுவாகச் செல்பவையும் சரக்கை இழுத்துச் செல்லும் ஒரே வகை மோட்டார் புரதங்களால்தான் நகர்த்தப்படுகின்றன என்பது பிற்பாடு தெரிந்தது. மெதுவானவை ஓடும்போது வேகமாகவே ஓடுகின்றன. ஆனால் பெரும்பாலான நேரம் நின்றுகொண்டே இருக்கின்றன.

இழுப்பது எது என்ற கேள்விக்கு விடை ஒரு கடல் உயிரினத்திடமிருந்து வந்தது. கணவாய் இனத்தைச் சேர்ந்த ஸ்க்விட் என்ற உயிரினத்துக்கு ஒரு ராட்சத ஆக்ஸான் உண்டு. அதன் குறுக்களவு 1 மில்லிமீட்டரையே எட்டும், வெறும் கண்ணால் பார்க்கலாம். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வுக்கூடத்தில் 1980-களின் தொடக்கத்தில், இந்த ஆக்ஸானின் ஒரு முனையை வெட்டி, உள்ளே இருப்பதை ஒரு சிறு உருளையால் கண்ணாடித் தகட்டின் மீது பிதுக்கி எடுத்தார்கள். உறை இல்லை, செல் உடல் இல்லை, உயிரினமே இல்லை. ஆனாலும் வீடியோ கேமரா பொருத்திய நுண்ணோக்கியில் பார்த்தபோது சிறு துகள்கள் நேர்கோட்டில் இரு திசைகளிலும் ஓடிக்கொண்டிருந்தன. ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறை ஊற்றினால் மணிக்கணக்கில் ஓடின. ஏடிபியைப் போலவே தோற்றமுள்ள, ஆனால் எரிக்க முடியாத ஒரு மாற்று மூலக்கூறை ஊற்றினால் ஓடிய இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றன.

அந்த ஒட்டிக்கொள்ளும் குணத்தையே பிடியாக வைத்து 1985-ல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் கினெசின் என்ற மோட்டார் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் ஸ்காட் பிரேடியும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். செல் உடலிலிருந்து நுனி நோக்கி இழுப்பது கினெசின். எதிர்த்திசையில், நுனியிலிருந்து செல் உடல் நோக்கி இழுப்பது டைனீன். அந்த வேலையை அது செய்கிறது என்பது 1987 வாக்கில் உறுதியானது. மனிதரிடம் கினெசின் குடும்பத்துக்கு 45 மரபணுக்கள் இருக்கின்றன. திரும்பும் திசைக்கோ முக்கியமாக ஒரே ஒரு டைனீன்தான். போகும்போது பல மோட்டார்கள், வரும்போது ஒன்று. இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு அடி என்பது 8 நானோமீட்டர்

இந்த மோட்டார்கள் நடப்பது நுண்குழல்கள் மீது. நுண்குழல் என்பது டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் அடுக்கிக் கட்டிய, 25 நானோமீட்டர் குறுக்களவுள்ள நீண்ட குழல். ஆக்ஸான் நெடுகிலும் இவை தண்டவாளம் போல ஒரே திசை பார்த்துக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கூட்டல் முனை, கழித்தல் முனை என்று இரண்டு முனைகள் உண்டு. ஆக்ஸானில் கூட்டல் முனை எப்போதும் நுனிப் பக்கம் பார்த்திருக்கும். கினெசின் கூட்டல் முனை நோக்கியும் டைனீன் கழித்தல் முனை நோக்கியும் நடப்பதால், செல்லுக்குத் திசை குழம்புவதில்லை.

கினெசினுக்கு இரண்டு தலைகள் உண்டு. ஒரு தலை நுண்குழலைப் பற்றியிருக்கும்போது மற்றது முன்னே தாவிப் பற்றும். ஒவ்வொரு அடியும் 8 நானோமீட்டர். ஒவ்வோர் அடிக்கும் ஒரு ஏடிபி செலவு. 1 மீட்டரை 8 நானோமீட்டரால் வகுத்தால் பன்னிரண்டரைக் கோடி அடிகள். ஒரே கினெசின் அத்தனை தூரம் நடப்பதில்லை. தனியாக விட்டால் சுமார் 1 மைக்ரோமீட்டர் நடந்ததும் பிடி நழுவி விழுந்துவிடும். ஒரு சரக்கைப் பல மோட்டார்கள் சேர்ந்து இழுப்பதால், ஒன்று நழுவினால் இன்னொன்று பிடித்துக்கொள்கிறது.

மோட்டாருக்கும் சரக்குக்கும் நடுவே இணைப்புப் புரதங்கள் இருக்கின்றன. எந்தச் சரக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவுசெய்வதில் இவற்றுக்கே பெரும்பங்கு. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் பயணம் இதை அழகாகக் காட்டுகிறது. அதன் மேற்பரப்பில் மீரோ என்ற புரதம் ஒட்டியிருக்கிறது. ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லுக்குச் செய்தியைக் கடத்தும் சந்திப்பான சினாப்ஸ் சுறுசுறுப்பாக வேலை செய்யும் இடத்தில் கால்சியத்தின் அளவு உயரும். மீரோ அந்தக் கால்சியத்தைப் பிடித்ததும் மோட்டாரின் இழுப்பு நின்றுவிடுகிறது. ஆற்றல் எங்கே தேவையோ அங்கேயே மைட்டோகாண்ட்ரியா இறங்கிவிடுகிறது. யாரும் கட்டளையிடாமல் இது நடக்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறையவில்லை.

திரும்பி வரும் சரக்கில் கழிவு மட்டுமல்ல, செய்தியும் வருகிறது. நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தை ரீட்டா லெவி-மொந்தால்சினியும் ஸ்டான்லி கோஹனும் கண்டறிந்தார்கள். 1986-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். நரம்பு சென்று சேரும் இலக்குத் திசு இந்தக் காரணியைச் சுரக்கிறது. ஆக்ஸானின் நுனி அதை உள்வாங்கி, சிறு பையில் அடைத்து, டைனீனிடம் ஒப்படைக்கிறது. பை செல் உடலுக்கு வந்து சேர்ந்தால்தான் செல் உயிரோடு இருக்கும். ராபர்ட் கேம்பனாட் 1970-களின் பிற்பகுதியில் இதற்கென ஒரு தனிக் கலத்தை உருவாக்கினார். அதில் செல் உடல்கள் ஒரு அறையிலும் ஆக்ஸான்களின் நுனிகள் தடுப்புக்கு அப்பால் இன்னொரு அறையிலும் இருக்கும். காரணியை நுனிகள் இருக்கும் அறையில் மட்டும் ஊற்றினாலே போதும், தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்த செல் உடல்கள் பிழைத்தன.

இந்த வழியை நோய்க்கிருமிகளும் அறிந்து வைத்திருக்கின்றன. வெறிநாய்க்கடி வைரஸும் டெட்டனஸ் நச்சும் கடிபட்ட அல்லது காயம்பட்ட இடத்தில் நரம்பு நுனிக்குள் புகுந்து, டைனீனின் இழுப்பிலேயே மத்திய நரம்பு மண்டலத்தை அடைகின்றன.

எங்கெல்லாம் தடை வரலாம்

இவ்வளவு உறுப்புகள் சேர்ந்து இயங்கும் அமைப்பில் எது பழுதானாலும் ஓட்டம் குறையும். நுண்குழல் உடையலாம். மோட்டார் பலவீனமாகலாம், அல்லது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடலாம். இணைப்புப் புரதம் சரக்கைத் தவறாகப் பிடிக்கலாம். ஏடிபி தீர்ந்துபோகலாம். பாதையில் புரதக் கட்டி ஒன்று குறுக்கே கிடக்கலாம். விளைவு மட்டும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. 1948-ல் வைஸ் பார்த்ததைப் போலவே ஆக்ஸானில் ஆங்காங்கே புடைப்புகள் தோன்றுகின்றன. மின்னணு நுண்ணோக்கியில் அந்தப் புடைப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே மைட்டோகாண்ட்ரியாவும் பாதி செரித்த கழிவுப் பைகளும் நியூரோஃபிலமென்ட் கற்றைகளும் நெருக்கியடித்துக் கிடக்கும்.

அடிபடுவது முதலில் நுனி. மூலத்திலிருந்து மிகத் தொலைவில் இருப்பதற்குத்தான் முதலில் பஞ்சம் வரும். அதனால் பல நரம்பு நோய்களில் ஆக்ஸான் நுனியிலிருந்து பின்னோக்கிச் சாகிறது. செல் உடல் கடைசியில்தான் விழுகிறது. கால் விரல்களில் தொடங்கும் மரத்துப்போதல் மேலே ஏறி முழங்காலை நெருங்கும்போது கைவிரல்களிலும் தொடங்குவது இதனால்தான். நீண்ட இழை முதலில், அதைவிடக் குட்டையானது அடுத்து.

சரக்கு வராவிட்டால் ஆக்ஸான் ஏன் பட்டினியால் மெல்ல வாடாமல் சில நாட்களில் நொறுங்கிப் போகிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1850-ல் அகஸ்டஸ் வாலர், தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டி, வெட்டுக்கு அப்பாலுள்ள பகுதி துண்டு துண்டாகச் சிதைவதைப் பதிவுசெய்தார். அது வெறும் பட்டினி என்றே எல்லோரும் நினைத்தார்கள். 1989-ல் ஒரு வகை எலியில், வெட்டுப்பட்ட ஆக்ஸான் சில வாரங்கள் சிதையாமல் கிடந்தது தெரியவந்தபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. பட்டினியே காரணம் என்றால் இந்த எலியின் ஆக்ஸான் எப்படித் தாக்குப்பிடிக்கும்?

விடை 2010-க்குப் பிறகு துலங்கியது. என்எம்நாட்2 என்ற நொதி செல் உடலில் தயாராகி ஆக்ஸானுக்குள் தொடர்ந்து அனுப்பப்படுகிறது. அதன் ஆயுள் மிகக் குறைவு. சில மணி நேரத்திலேயே பாதி அழிந்துவிடும். அது இருக்கும்வரை சார்ம்1 என்ற மற்றொரு புரதம் உறங்கிக் கிடக்கும். வரத்து நின்றால் என்எம்நாட்2 தீர்ந்துபோகிறது, சார்ம்1 விழித்துக்கொள்கிறது, ஆக்ஸானின் ஆற்றலுக்கு ஆதாரமான என்ஏடி என்ற மூலக்கூறை அழிக்கிறது. அதன்பின் ஆக்ஸான் தன்னைத்தானே உடைத்துக்கொள்கிறது. அதாவது, போக்குவரத்து நிற்பதை ஆக்ஸான் உணர்கிறது. உணர்ந்து, அழிவுக்கான ஓர் ஏற்பாட்டை இயக்குகிறது. இந்தத் துறையில் அண்மைக் காலத்தில் கிடைத்தவற்றுள் மிகப் பயனுள்ள கண்டுபிடிப்பு இதுதான் என்று நினைக்கிறேன். காரணம், ஓர் ஏற்பாடு இருந்தால் அதைத் தடுக்கவும் வழி இருக்கும்.

மரபணுக்கள் தரும் சாட்சி

நோயுற்ற மூளையில் போக்குவரத்து கெட்டிருப்பதைக் காட்டுவது எளிது. சாகும் செல்லில் எல்லாமே கெட்டுத்தான் இருக்கும். முதலில் கெட்டது இதுதானா என்று நிறுவுவதே கடினம். அந்த வேலையை மிகத் தெளிவாகச் செய்பவை மரபணுக்கள். போக்குவரத்து இயந்திரத்தின் உறுப்பிலேயே பிறவிப் பிழை இருந்து, அதனால் நரம்பு நோய் வந்தால், காரணம் எது விளைவு எது என்ற சந்தேகத்துக்கு இடமில்லை.

அப்படிப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. டைனீனோடு சேர்ந்து இயங்கும் டைனாக்டினில் ஏற்படும் ஒரு மாற்றம் இயக்க நரம்புகளை மட்டும் தாக்கும் நோயைத் தருகிறது என்பது 2003-ல் தெரிந்தது. அதே மரபணுவில் வேறு இடங்களில் மாற்றம் இருந்தால் மனச்சோர்வு, எடை குறைதல், பார்க்கின்சன் அறிகுறிகள், மூச்சுத் திணறல் ஆகியவை சேர்ந்து வரும் பெர்ரி நோய் வருகிறது. இது 2009-ல் உறுதியானது. நுண்குழலை வெட்டும் ஸ்பாஸ்டின் என்ற புரதத்தில் பிழை இருந்தால் கால்கள் விறைத்து நடை தடுமாறும் பரம்பரை நோய் வருகிறது. மூளையிலிருந்து தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி வரை இறங்கும் மிக நீண்ட ஆக்ஸான்களே இதில் பாதிக்கப்படுகின்றன.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது கேஐஎஃப்5ஏ என்ற கினெசின். இதன் தலைப்பகுதியில், அதாவது நடக்கும் பகுதியில், மாற்றம் இருந்தால் கால் விறைப்பு நோய் வருகிறது. சரக்கைப் பிடிக்கும் வால்பகுதியில் மாற்றம் இருந்தால் ஏஎல்எஸ் வருகிறது என்று 2018-ல் பெரிய அளவிலான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. ஏஎல்எஸ் என்பது இயக்க நரம்புச் செல்கள் அழிந்து, தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங் இதனோடுதான் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். கேஐஎஃப்5ஏயின் வால்பகுதி சரக்கைப் பிடிப்பதோடு, சரக்கு இல்லாதபோது மோட்டாரை மடக்கி நிறுத்தியும் வைக்கிறது. ஏஎல்எஸ் மாற்றத்தில் அந்தப் பூட்டு கழன்று, மோட்டார் ஓயாமல் ஓடுவதைப் பின்வந்த ஆய்வுகள் கண்டன. எனவே போக்குவரத்துக் கோளாறு என்றால் வேகம் குறைவது மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. மிகையாக ஓடினாலும் சரக்கு தவறான இடத்தில் குவியும்.

மரபணுக்களைப் போலவே வலுவான இன்னொரு சாட்சி புற்றுநோய் மருத்துவமனைகளில் இருக்கிறது. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் நுண்குழல்களைக் கட்டவிடாது. பக்லிடாக்சல் அவற்றைப் பிரியவிடாமல் இறுக்கிவிடும். செல் பிரிதலை நிறுத்துவதற்காகவே இவை தரப்படுகின்றன. நரம்புச் செல்கள் பிரிவதே இல்லை. ஆனாலும் இந்த மருந்துகளைப் பெறும் பலருக்குக் கால் விரல்களிலும் கை விரல்களிலும் எரிச்சலும் மரத்துப்போதலும் வருகின்றன. சிலருக்கு அதனாலேயே மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கிறது. பாதையைக் குலைத்தால் மிக நீண்ட ஆக்ஸான்கள் முதலில் பாதிக்கப்படும் என்பதை இதைவிட நேரடியாக யாரும் காட்டிவிட முடியாது.

அல்சைமரில் டௌவின் இரு முகங்கள்

டௌ என்ற புரதம் இயல்பாகவே நுண்குழல்களோடு ஒட்டியிருப்பது. 1975-ல் நுண்குழல்களை ஆராய்ந்தபோதுதான் கண்டுபிடிக்கப்பட்டது. அல்சைமர் நோயில் அதன் மீது பாஸ்பேட் குழுக்கள் அளவுக்கு மீறி ஏறி, அது நுண்குழலை விட்டுக் கழன்று, செல் உடலில் முடிச்சு முடிச்சாகச் சேர்கிறது. டௌ கழன்றதால் நுண்குழல் தளர்ந்து போக்குவரத்து நின்றது என்பதே பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம். கேட்க நேராக இருக்கிறது. ஆனால் டௌ மரபணுவையே நீக்கிய எலிகள் பெரிய குறையின்றி வாழ்கின்றன. அவற்றின் பார்வை நரம்பில் மெது ஓட்டத்தை 2008-ல் அளந்தபோது வேகமும் மாறவில்லை. ஆகவே டௌ இல்லாமல் போவது மட்டும் நோய்க்குப் போதுமான விளக்கம் ஆகாது.

டௌ தவறான இடத்தில், தவறான வடிவில் இருப்பதே ஆபத்து என்று கொள்வது இன்று கிடைக்கும் சான்றுகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒற்றை மூலக்கூறுகளைப் பின்தொடர்ந்த சோதனையில், நுண்குழல் மீது டௌ அடர்ந்திருந்த இடத்தை எட்டிய கினெசின் பெரும்பாலும் கழன்று விழுந்தது. டைனீனோ திரும்பி நடந்தது. டௌ இழைகள் செல்லுக்குள் ஒரு நொதிச் சங்கிலியைத் தூண்டி, கினெசினைச் சரக்கிலிருந்து விடுவித்துவிடுகின்றன என்பதை ஸ்க்விட் ஆக்ஸானிலேயே காட்டியிருக்கிறார்கள்.

எது முன்னே எது பின்னே என்பதற்கு 2005-ல் வெளியான ஓர் ஆய்வு முக்கியத் துப்பைத் தந்தது. அல்சைமர் மாதிரி எலிகளில், நோயின் அடையாளமான படிவுகள் தோன்றுவதற்கு ஓராண்டுக்கும் மேலாக முன்பே ஆக்ஸான் புடைப்புகள் இருந்தன. தொடக்க நிலையில் இறந்த நோயாளிகளின் மூளையிலும் அதே போன்ற புடைப்புகள் கிடைத்தன. அமிலாய்டு எந்தத் தாய்ப் புரதத்திலிருந்து வெட்டப்படுகிறதோ, அந்தப் புரதமும் கினெசினால் சுமந்து செல்லப்படும் சரக்குதான். அது நடுவழியில் தேங்கினால் அமிலாய்டு கூடலாம். அமிலாய்டு கூடினால் போக்குவரத்து மேலும் கெடும். இந்தச் சுழற்சி எங்கே தொடங்கினாலும் அது தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும்.

மற்ற நோய்கள்

பார்க்கின்சன் நோயில் சாகும், டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களின் ஆக்ஸான் நீளத்தால் அல்ல, கிளைகளால் பெரியது. மனிதரில் இத்தகைய ஒரு செல்லின் கிளைகளை எல்லாம் கூட்டினால் 4 மீட்டரைத் தாண்டும் என்றும், சினாப்ஸ்கள் பத்து லட்சத்தை மிஞ்சும் என்றும் எலிகளின் அளவுகளைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை கிளைகளுக்கும் மைட்டோகாண்ட்ரியா அனுப்ப வேண்டும். பரம்பரைப் பார்க்கின்சனுக்குக் காரணமான பிங்க்1, பார்க்கின் என்ற இரண்டு புரதங்களும் பழுதான மைட்டோகாண்ட்ரியாவின் மீதுள்ள மீரோவை அழித்து அதை நிறுத்துகின்றன. கெட்டது ஊர் சுற்றாமல் இருந்த இடத்திலேயே அப்புறப்படுத்தப்பட வேண்டும் என்பதற்காக. அந்தப் புரதங்கள் இல்லாவிட்டால் கெட்ட மைட்டோகாண்ட்ரியா பாதையிலேயே இருக்கும். நிற்க வேண்டியது நிற்காததும் இங்கே கோளாறுதான்.

ஹன்டிங்டன் நோயில் கெட்டுப்போகும் ஹன்டிங்டின் இயல்பில் மோட்டார்களையும் சரக்கையும் இணைக்கும் வேலையில் இருப்பது. மூளைப் புறணியிலிருந்து ஸ்ட்ரையாட்டம் என்ற உட்பகுதிக்கு பிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிக் காரணி செல்ல அது உதவுகிறது. ஸ்ட்ரையாட்டத்தால் அந்தக் காரணியைப் போதிய அளவு தானே தயாரித்துக்கொள்ள முடியாது. நோயில் முதலில் அழிவது ஸ்ட்ரையாட்டம் என்பது இதனோடு பொருந்துகிறது.

கிளாக்கோமா என்ற கண்ணழுத்த நோயை இந்தப் பட்டியலில் பலர் எதிர்பார்க்க மாட்டார்கள். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் சல்லடை போன்ற ஒரு திசு இருக்கிறது. கண்ணுக்குள் அழுத்தம் உயர்ந்தால் அந்தச் சல்லடையில்தான் ஆக்ஸான் சரக்கு தேங்குகிறது என்பதை 1970-களில் குரங்குகளில் காட்டினார்கள். வைஸ் கையால் இறுக்கியதை இங்கே அழுத்தம் செய்கிறது.

முதற்காரணமா, உடன்விளைவா

ஏஎல்எஸ் ஆராய்ச்சியில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்திருக்கிறது. சாட் 1 என்ற மரபணுவில் பிழையுள்ள எலிகளில், நோயின் அறிகுறிகள் தெரிவதற்குப் பல மாதங்கள் முன்பே மெது ஓட்டம் தளர்வதை 1999-ல் கண்டார்கள். 2010-ல் இன்னும் நேரடியாகவே பார்த்தார்கள். டெட்டனஸ் நச்சின் தீங்கற்ற துண்டொன்றில் ஒளிரும் சாயம் ஏற்றி எலியின் தசையில் செலுத்தி, உயிருள்ள எலியின் சியாட்டிக் நரம்பில் அது மேலேறுவதை நுண்ணோக்கியில் பின்தொடர்ந்தார்கள். அறிகுறி எதுவும் தோன்றாத எலிகளிலேயே திரும்பும் ஓட்டம் மந்தமாகியிருந்தது.

இதோடு நின்றால் வழக்கு முடிந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, பல ஏஎல்எஸ் எலி வகைகளை ஒப்பிட்டு, சிலவற்றில் போக்குவரத்து கெட்டும் ஆக்ஸான் நெடுநாள் பிழைத்திருப்பதையும், சிலவற்றில் போக்குவரத்து பெரிதும் கெடாமலே ஆக்ஸான் அழிவதையும் காட்டியது. இரண்டு முடிவுகளையும் ஒருசேர ஏற்றுக்கொள்வதே நேர்மை. சில பரம்பரை நோய்களில் போக்குவரத்துப் பழுதே முதற்காரணம். அல்சைமர், பார்க்கின்சன் போன்ற பரவலான நோய்களில் அது வெகு முன்னதாகவே சேர்ந்துகொண்டு, நோயை வேகப்படுத்தும் கண்ணி. வயதாகும்போது விலங்குகளில் இந்த ஓட்டம் இயல்பாகவே குறைகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே தளர்ந்த அமைப்பின் மீதுதான் நோய் கைவைக்கிறது.

மருந்து எங்கே நிற்கிறது

முதலில் வந்த யோசனை, நுண்குழலைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து. டௌ தேங்கும் ஒரு நோயில் டாவுனெட்டைடு என்ற மருந்தைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 2014-ல் வெளியான முடிவின்படி பலனில்லை. அறிகுறிகள் முற்றிய பிறகு பாதையைச் சரிசெய்வது காலம் தாழ்ந்த வேலையாக இருக்கலாம். எச்டேக்6 என்ற நொதியைத் தடுத்தால் நுண்குழலின் மீது மோட்டார்கள் நன்றாகப் பிடித்து நடப்பதை, பரம்பரைக் கால் நரம்பு நோயுள்ள எலிகளில் கண்டிருக்கிறார்கள். சார்ம்1-ஐத் தடுக்கும் மூலக்கூறுகள் மருந்து நிறுவனங்களின் கைக்கு வந்திருக்கின்றன. போக்குவரத்தைச் சரிசெய்யாமலே, அது நின்றதால் வரும் அழிவை மட்டும் தள்ளிப்போட அவை முயல்கின்றன. நம்பிக்கைக்கு இடமிருப்பது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உயிருள்ள மனிதரின் ஆக்ஸானுக்குள் ஓடும் சரக்கை எலியில் பார்ப்பது போலப் பார்க்க முடியாது. ஆனால் ஆக்ஸான் உடையும்போது உள்ளே இருந்த நியூரோஃபிலமென்ட் கசிந்து ரத்தத்தில் கலக்கிறது. அதன் இலகு வகையைச் சாதாரண ரத்த மாதிரியிலேயே இப்போது அளக்கிறார்கள். சாட் 1 பிழையால் வரும் ஏஎல்எஸ்-க்கு டோஃபர்சென் என்ற மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் விரைவு வழியில் அனுமதித்தபோது, அடிப்படையாகக் கொண்டது இந்த அளவு குறைந்ததைத்தான். இப்போது அதே மருந்தை இன்னும் முன்னே நகர்த்திப் பார்க்கிறார்கள். 2021-ல் தொடங்கிய சோதனை ஒன்றில், சாட் 1 பிழை இருந்தும் எந்த அறிகுறியும் இல்லாதவர்களின் ரத்தத்தைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். நியூரோஃபிலமென்ட் அளவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டியதும், கையோ காலோ தளர்வதற்கு முன்பே, சிகிச்சையைத் தொடங்குகிறார்கள்.